அக்காவிடம் கேளுங்கள்: மூன்று பத்திக் கண்ணீர்

போன இதழில் ஒரு பையனுக்குப் பதில் சொல்லும்போது, "முதுகலைக்கும் உபகாரச் சம்பளம் இருக்கிறது தம்பி, தேடிப் பார்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டு கிடக்கின்றன, வீட்டுக்காரர் இரண்டு நாளாகத் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறார். ஆகவே இந்த முறை சமையல், சம்பந்தி சண்டை எதுவும் கிடையாது.

கேள்வி: அக்கா, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா குலை வெட்டுகிறார். அம்மா உரம் போடப் போய்க்கொண்டிருந்தார், இப்போது முட்டி வலியால் வீட்டோடு இருக்கிறார். உயிரியலில் பட்டம் முடித்துவிட்டேன், சிஜிபிஏ (மொத்தப் புள்ளிச் சராசரி) 4க்கு 3.78. செடிகொடிகளுக்கு வரும் நோய்களைப் பற்றி முதுகலை செய்ய ஆசை. தகுதி அடிப்படையில் கொடுக்கிற உபகாரச் சம்பளம் மூன்றுக்கு விண்ணப்பித்தேன், ஒன்றில்கூட நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை. என்னைவிடக் குறைவாக எடுத்த தோழிக்குக் கிடைத்துவிட்டது. நம்மைப் போன்றவர்களுக்குக் கொடுக்கவே மாட்டார்களா? நான் அனுப்பிய கட்டுரையையும் இதனுடன் வைத்திருக்கிறேன்.
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, "நம்மைப் போன்றவர்களுக்கு" என்று நீ கேட்டதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன், அந்த வருத்தம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கும் தெரியும். ஆனால் உன் கட்டுரையைப் படித்த பிறகு ஒரு காரணம் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது, அது உன் கையிலேயே இருக்கிற காரணம், அதனால் அதை முதலில் பேசுவோம்.

நீ ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாய், நான் சாரத்தை மட்டும் சொல்கிறேன். முதல் பத்தி, லயத்து வீட்டில் மழை ஒழுகியது. இரண்டாவது பத்தி, அப்பாவின் முதுகு வளைந்தது. மூன்றாவது பத்தி, நீ பல்கலைக்கழகம் போக அம்மா சங்கிலியை அடகு வைத்தது. நான்காவது பத்தியில்தான் தாவர நோயியல் என்ற வார்த்தையே வருகிறது, அதுவும் "எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு" என்பதோடு முடிந்துவிடுகிறது. இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை என்று நான் நம்புகிறேன். ஆனால் தகுதி அடிப்படையில் கொடுக்கிறவர்கள் கேட்ட கேள்வி வேறு. இந்தப் பிள்ளையால் இந்த ஆராய்ச்சியைச் செய்ய முடியுமா, அதற்கு என்ன அத்தாட்சி? நீ அதற்குப் பதில் எழுதவில்லை. தேவை அடிப்படையில் கொடுக்கிற உதவிநிதிக்கு எழுத வேண்டியதை இங்கே எழுதிவிட்டாய்.

என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைக்காதே. ஒரு சின்ன அறவாரியத்துக்காகச் சில வருடம் விண்ணப்பங்களைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே சனிக்கிழமையில் அறுபது கட்டுரை படித்தால், இருபதாவதுக்கு மேல் எந்த அம்மா எந்தச் சங்கிலியை அடகு வைத்தார் என்று ஞாபகம் இருக்காது, அது மனித சுபாவம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நானும் ஒரு காலத்தில் இதே மூன்று பத்தியை எழுதியவள்தான், எங்கள் வீட்டில் கித்தா (ரப்பர்) மரம், அவ்வளவுதான் வித்தியாசம். அப்போது என்னை நேர்முகத்துக்கு அழைத்த இடத்தில் ஒரு பெரியவர் என் கட்டுரையைக் கீழே வைத்துவிட்டு, "ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கிறீர்கள், சரி, நீங்கள் என்னதான் ஆராய்ச்சி செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. அந்த மேசைமேல் இருந்த தண்ணீர் குவளையின் பூப்போட்ட மூடி இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது, நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது உன் கட்டுரைக்கே வருகிறேன். முதல் பக்கத்தின் கடைசியில், ஏதோ இடம் மிச்சமிருந்ததால் எழுதியது போல ஒரு வரி இருக்கிறது: "அப்பா நோய் பிடித்த மரங்களை எனக்குக் காட்டுவார்." அதைப் படித்துவிட்டுத்தான் உனக்குப் போன் போட்டேன். நீ சொன்னதை உன் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன், மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும்.

அப்பா வேலைக்காட்டில் ஒரு மரத்தைக் காட்டி, "இது ரொம்ப நாள் தாங்காது" என்பார். வெளியே பார்த்தால் மரம் பச்சையாக நன்றாகத்தான் நிற்கும். உச்சியைப் பார்க்கச் சொல்வார். நடுக்குருத்து விரியாமல், மடக்கிய குடை போல மூன்று நான்கு சேர்ந்து நிற்கும். அப்புறம் அடிமட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்கி, மரம் பாவாடை கட்டிக்கொண்டது போல ஆகிவிடும். அடித்தண்டில் காது மாதிரி காளான் முளைக்கும்போது கதை முடிந்த மாதிரிதான். நீ நான்காம் படிவம் படிக்கும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில் அப்பா காட்டிய மரம் எந்த வரிசை, எத்தனையாவது, என்ன தேதி என்று குறிக்க ஆரம்பித்து ஐந்தாம் படிவம் முடிகிறவரை எழுதியிருக்கிறாய். இதை ஏன் கட்டுரையில் சொல்லவில்லை என்று கேட்டால், "அது தோட்ட வேலைதானே அக்கா" என்கிறாய்!

அடி பைத்தியமே, அதற்குப் பெயர் கள ஆய்வு. அப்பா காட்டியது கானோடெர்மா போனினென்ஸ் என்ற பூஞ்சணத்தால் வரும் அடித்தண்டு அழுகல், நம் நாட்டுச் செம்பனைக்கு அதைவிடப் பெரிய நோய் கிடையாது. நீ உயிரியல் படித்தவள், உனக்குத் தெரிந்திருக்கும்: மட்டையில் அறிகுறி தெரிகிற நேரத்தில் உள்ளே அடித்தண்டின் திசு பாதிக்குமேல் செத்துப்போயிருக்கும், வந்த பிறகு முழுதாகக் குணப்படுத்த மருந்து இல்லை. அதனால் இதை எப்படிச் சீக்கிரம் கண்டுபிடிப்பது என்பதுதான் ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பெரிய தலைவலி. அந்தத் தலைவலியைப் பற்றிப் பதினாறு வயதில் நோட்டுப் போட்டு எழுதிய பிள்ளை, விண்ணப்பத்தில் வீடு ஒழுகியதை எழுதிக்கொண்டிருக்கிறது.

நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது என்றாய். முதல் வேலையாக அதை எடுத்து எண்ணு. அப்பா காட்டிய மரங்கள் எத்தனை, அதில் விழுந்தவை எத்தனை, அப்பா சொல்லியும் விழாமல் நின்றவை எத்தனை. அந்தக் கடைசிக் கணக்கை மறைக்காதே, கணிப்பு எங்கே தப்பியது என்று தானே சொல்கிற விண்ணப்பத்தைக் குழுவில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பார்கள். கட்டுரையை அந்த மரத்தடியில் தொடங்கு. பிறகு உன் கடைசி வருட ஆய்வேட்டில் என்ன செய்தாய், எந்த முறை தெரியும், எது கைவரவில்லை. அதற்குப் பிறகு முதுகலையில் எந்த ஒரு கேள்வியைத் துரத்தப் போகிறாய், அதற்கு ஏன் இந்தப் பல்கலைக்கழகம், அங்கே யாருடைய ஆய்வுக்கூடம். வறுமை ஒரே ஒரு வாக்கியம் போதும். குடும்ப வருமானத்தைப் படிவத்திலேயே தனியாகக் கேட்பார்கள், அங்கே அது எண்ணாக நிற்கும், எண் அழாது, ஆனால் எல்லாருக்கும் புரியும்.

எங்கே விண்ணப்பிப்பது? நீ வெளிநாட்டுப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருக்கிறாய் போலிருக்கிறது. உன் துறைக்குப் பாங்கியில் இருக்கிற மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கென்றே ஓர் உதவித் திட்டம் வைத்திருக்கிறது, செர்டாங்கில் யுபிஎம் என்கிற புத்ரா பல்கலைக்கழகம் இருக்கிறது, உயர்கல்வி அமைச்சின் பழைய மைபிரெய்ன் என்ற பட்டமேற்படிப்பு உதவித் திட்டமும் 2.0 என்ற பெயரில் திரும்பி வந்திருக்கிறது. இதைத் தவிர உபகாரச் சம்பளம் என்ற பெயரே இல்லாத பணம் ஒன்று உண்டு. எஃப்ஆர்ஜிஎஸ் போன்ற ஆய்வு மானியம் வாங்கிய விரிவுரையாளர்கள், அந்த மானியத்திலிருந்தே ஒரு முதுகலை மாணவரை ஆய்வு உதவியாளராக மாதப் படி கொடுத்து வைத்துக்கொள்ளலாம். இதற்குச் செய்தித்தாளில் விளம்பரம் வராது. நீதான் விரிவுரையாளரின் பெயரைத் தேடி, அவருடைய கட்டுரை இரண்டையாவது படித்துவிட்டு, பத்து வரியில் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். அந்தப் பத்து வரியில் மூன்று வரி நோட்டுப் புத்தகமாக இருக்கட்டும்.

கேள்வி: வணக்கம் அக்கா. லூனாஸ்காரன். பொறியியல், சிஜிபிஏ 3.41. கூலிமில் ஒரு தொழிற்சாலையில் இரண்டரை வருடமாக வேலை. இங்கிலாந்தில் முதுகலை செய்ய ஆசை. முதல் வகுப்பு இல்லாதவனுக்குத் தகுதி அடிப்படையிலான உபகாரச் சம்பளம் எல்லாம் கனவா?
— தம்பி, லூனாஸ்

பதில்: இல்லை. 3.41 என்றால் நம் பல்கலைக்கழகங்களில் பொதுவாக இரண்டாம் வகுப்பு மேல்நிலை, இங்கிலாந்தில் நிறைய முதுகலைப் படிப்புகள் கேட்பதும் அதைத்தான். சில அறவாரியங்கள் 3.5, 3.7 என்று கோடு போட்டிருக்கும், அங்கே போய்க் கெஞ்சி நேரத்தை வீணாக்காதே, கோடு என்றால் கோடுதான்.

உனக்கு நான் சொல்வது செவனிங். பிரிட்டிஷ் அரசாங்கம் 1983இல் இருந்து கொடுக்கிறது, ஒரு வருட முதுகலை, படிப்புக் கட்டணம், விமான டிக்கெட், மாதச் செலவு எல்லாம் அடங்கும். அவர்கள் வேலை அனுபவம் கேட்பார்கள், இரண்டு வருடம், அதாவது 2,800 மணி நேரம். நீ அதைத் தாண்டிவிட்டாய். கட்டுரைகளில் தலைமைத்துவம் எங்கே காட்டினாய், ஆட்களோடு தொடர்பை எப்படி வளர்க்கிறாய், ஏன் இந்தப் படிப்பு, திரும்பி வந்து என்ன செய்வாய் என்று கேட்பார்கள். தலைமைத்துவம் என்றதும் நம் பையன்கள் உடனே இடைநிலைப்பள்ளியில் மாணவர் தலைவனாக இருந்ததை எழுதுவார்கள், வேண்டாம் தம்பி, இருபத்தைந்து வயதுக்காரன் பள்ளிக்கூட பேட்ஜைக் காட்டக் கூடாது. இரவு ஷிப்டில் இயந்திரம் நின்றபோது நீ யாரிடம் என்ன பேசி, எத்தனை மணிக்கு ஓட விட்டாய்? கோயில் திருவிழாவில் அன்னதானக் கணக்கை மூன்று வருடம் ஒரு சென் குறையாமல் பார்த்தது யார்? நீயாக இருந்தால் அதை எழுது, அது சுலபமான வேலை என்று நினைக்கிறவர்கள் ஒரு முறை எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் கூட்டத்துக்கு வந்து பார்க்கட்டும்.

மறக்காமல் இரண்டு விஷயம். செவனிங் கடைசி நாள் கிரீன்விச் நேரம் நண்பகலில் மூடிவிடும், நமக்கு அது இரவு 8 மணி. பன்னிரண்டு மணி வரை இருக்கிறது என்று ஷிப்ட் முடிந்து வந்து உட்காராதே. இரண்டாவது, படிப்பு முடிந்ததும் நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடமாவது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை, அங்கேயே தங்கிவிடும் எண்ணம் இருந்தால் இதைத் தொடாதே.

இங்கிலாந்துதான் வேண்டும் என்று பிடிவாதம் இல்லையென்றால் எராஸ்முஸ் முண்டுஸையும் பார். ஐரோப்பாவில் இரண்டு மூன்று நாட்டில் மாறி மாறிப் படிக்கும் முதுகலை, கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். அதற்கு ஒரே அலுவலகத்தில் மனுப் போடுவது கிடையாது, ஒவ்வொரு படிப்பையும் நடத்துகிற பல்கலைக்கழகக் கூட்டிடம் நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும், பெரும்பாலும் வருடக் கடைசியிலும் ஜனவரியிலும் மூடிவிடுவார்கள். ஐஎல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் பல நூறு வெள்ளி ஆகும், முடிவு இரண்டு வருடம்தான் செல்லும், அதனால் ஆசை வந்த அன்றைக்கே ஓடிப்போய் எழுதாமல் விண்ணப்பிக்கிற வருடத்தில் எழுது.

கேள்வி: டீச்சர், என் மகளுக்கு உபகாரச் சம்பளம் கிடைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் இரண்டு பேர் ஜாமீன் போட வேண்டுமாம். என் அண்ணன் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். தோட்டத்தில் யாரைக் கேட்பது? பேசாமல் வேண்டாம் என்று எழுதிவிடலாமா?
— ஒரு தாய், பாகான் செராய்

பதில்: அம்மா, வேண்டாம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அண்ணனையும் கோபிக்காதீர்கள், ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர் ஒருவராவது இல்லாத தோட்டம் கிடையாது, மோட்டார் சைக்கிள் கடனில் சூடு கண்ட பூனை அவர்.

அவர் பயப்படுவது தொகை தெரியாததால். மகளை ஒப்பந்தத்தை முழுதாக மலாயில் படிக்கச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். படித்து முடித்துவிட்டு எத்தனை வருடம் அவர்களிடம் வேலை செய்ய வேண்டும்? அவர்கள் வேலை கொடுக்காவிட்டால் கடன் உண்டா இல்லையா? பாதியில் நின்றால் திருப்பிக் கட்ட வேண்டியது எவ்வளவு, தவணை முறை உண்டா? மூன்றுக்கும் பதிலை ஒரு தாளில் எழுதி அண்ணன் முன்னால் வையுங்கள். தொகையைக் கண்ணால் பார்த்தபின் மனம் மாறியவர்களை நான் பார்த்திருக்கிறேன், மாறாதவர்களையும்தான். அவர் மாறவில்லையென்றால் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள், மகளின் பழைய வகுப்பாசிரியர் என்று வருமானச் சான்று காட்டக்கூடியவர்களை யோசியுங்கள். ஜாமீனுக்கு வயது வரம்பு, சம்பள வரம்பு இருக்கும், அதைப் பார்க்காமல் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய் ஏமாந்து திரும்பாதீர்கள். ஜாமீனே கிடைக்கவில்லை என்றால் கொடுத்தவர்களுக்குப் போன் செய்து நிலைமையைச் சொல்லி, தேதியைத் தள்ள முடியுமா என்று கேட்கலாம், கேட்பதற்குக் காசா பணமா?

பிடிபிடிஎன் என்ற அரசாங்க உயர்கல்விக் கடனைப் பற்றியும் கடிதத்தின் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தீர்கள். தொடர்ந்து படிப்பவர்கள் திருப்பிக் கட்டுவதைத் தள்ளிப்போடச் சொல்லி விண்ணப்பிக்கலாம். தானாக நடக்காது, மகள்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வி: பரிந்துரைக் கடிதம் கேட்டால் விரிவுரையாளர், "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறார். இது சரியா? என்னை அவருக்கு அவ்வளவாகத் தெரியாது.
— மாணவர், லாபிஸ்

பதில்: சரியில்லை, ஆனால் நடக்கிறது. நீயே எழுதினால் உன் கட்டுரையும் கடிதமும் ஒரே குரலில் பேசும், படிக்கிறவர்களுக்கு இரண்டாவது வரியிலேயே வாடை அடித்துவிடும். அதுவும் போக இப்போது பல இடங்களில் கடிதம் விரிவுரையாளரின் மின்னஞ்சலிலிருந்து நேராகப் போக வேண்டும்.

உன்னைத் தெரியாத பேராசிரியரைவிட, உன் ஆய்வேட்டைப் பக்கம் பக்கமாகத் திருத்திய இளம் விரிவுரையாளர் மேல். டத்தோ பட்டம் உள்ளவரின் நான்கு வரியை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் பெருமைப்படுகிறார்கள், அந்த நான்கு வரியில் "இவர் நல்ல ஒழுக்கமுள்ளவர்" என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது. அதே விரிவுரையாளர்தான் வேண்டுமென்றால், கடிதத்தை எழுதிக் கொடுக்காமல் குறிப்பு எழுதிக் கொடு: அவருடைய எந்தப் பாடம், என்ன கிரேடு, எந்தச் செயல்திட்டம், அதில் நீ செய்த ஒரு குறிப்பிட்ட காரியம், எங்கே விண்ணப்பிக்கிறாய், கடைசித் தேதி. ஒரே பக்கம். மூன்று வாரத்துக்கு முன்னால் கொடு, ஒரு வாரம் இருக்கும்போது ஒருமுறை ஞாபகப்படுத்து. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் போய் நன்றி சொல், அடுத்த வருடமும் அவரிடம்தான் போய் நிற்கப் போகிறாய்.

கேள்வி: 800 வெள்ளி கட்டினால் வெளிநாட்டு உபகாரச் சம்பளம் உறுதி என்று பட்டணத்தில் ஒருவர் சொல்கிறார். கட்டலாமா?
— வாசகர், தாப்பா

பதில்: கட்டாதீர்கள். உறுதி என்று சொன்ன இடத்திலேயே எழுந்து வந்திருக்க வேண்டும்.

கேள்வி: நேர்முகத் தேர்வுக்குச் சேலை கட்டிக்கொண்டு போகலாமா அக்கா, கோட்டு போட வேண்டுமா? தோழிகள் பயமுறுத்துகிறார்கள்.
— வாசகி, கிள்ளான்

பதில்: எதைப் போட்டால் அரை மணி நேரம் இழுத்துவிடாமல் உட்கார்ந்திருக்க முடியுமோ அதைப் போடு. சேலை பழக்கமென்றால் சேலை, பஞ்சாபி உடை என்றாலும் நன்றாகத்தான் இருக்கும், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய கோட்டு மட்டும் வேண்டாம், தோள்பட்டை தொங்கும். இணையம் வழியாக நேர்முகம் என்றால் லைன் நன்றாகக் கிடைக்கிற இடத்தை முந்தின நாளே, அதே நேரத்தில் போய்ச் சோதித்துப் பார். எங்கள் தெருவில் ஒரு பிள்ளை தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டு, பள்ளி விட்டதும் அவர் அறையில் உட்கார்ந்து பேசி முடித்தாள், வெளியே பால்வாடிப் பிள்ளைகள் கத்தாமல் பார்த்துக்கொள்ள அவள் அம்மா கதவருகே ஒரு பை மிட்டாயோடு நின்றிருந்தார்.